சீகாரப் பூங்குருவிக்கு தாண்டிக்குடி, அதோட பங்காளிக்கு நுவரெலியா: ரெண்டு கைடு சர்வீஸ் ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிர்றேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு. தாண்டிக்குடில எஸ்டேட்ல தங்கி லோக்கல் கைடோட பறவை பாக்குறது: கண்ண மூடிட்டு போலாம், குடும்பத்தோட போலாம், பறவைன்னா காக்காயும் மைனாவும்தான்னு நெனைக்கிற மச்சானக் கூட கூட்டிட்டு போலாம். இலங்கைல நுவரெலியா கைடு: பறவைப் பைத்தியம் முத்துனவங்க மட்டும் போங்க, காசு கையக் கடிக்கும், குளுரு எலும்பு வரைக்கும் போகும், பாக்கப் போன பறவை ஒரு நிமிஷம் கூட முன்னாடி நிக்காது, ஆனா அந்தக் கைடு மாதிரி விசயம் தெரிஞ்ச ஒரு ஆள நான் நம்ம ஊருப் பக்கம் இன்னும் பாக்கல.

பேர் போடலையேன்னு கேக்காதீங்க. ரெண்டு பேருமே தனி ஆளுங்க, போர்டு மாட்டி கம்பெனி நடத்துறவங்க இல்ல, அவங்க நம்பர இங்க கொட்டி வைக்க எனக்கு மனசு வரல. அந்தந்த ஊர்ல தங்குற எடத்துல விசாரிச்சாலே இந்த மாதிரி ஆளுங்கள காட்டி விடுவாங்க.

ரெண்டையும் ஏன் ஒரே ரிவ்யூல போடுறேன்னா, நான் பாக்கப் போனது ஒரே பேரினத்துப் பறவை ரெண்ட. சீகாரப் பூங்குருவி, மயோஃபோனஸ் ஹார்ஸ்ஃபீல்டீ, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஆளு. இலங்கைல இருக்கிறது மயோஃபோனஸ் ப்ளைகி, அந்த நாட்டோட நடு மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது. ரெண்டும் பங்காளிங்க. ஆனா எந்த உயிரு அழியுற ஆபத்துல இருக்குன்னு உலக அளவுல போடுற ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல்ல நம்மாளு லீஸ்ட் கன்சர்ன், இப்போதைக்கு பயப்பட ஒண்ணும் இல்லங்குற லிஸ்ட்ல இருக்கு, அங்க இருக்கிறது எண்டேஞ்சர்டு, அழியுற ஆபத்துல இருக்கு. நடுவுல நியர் த்ரெட்டண்டு, வல்னரபிள்னு ரெண்டு படி இருக்கு, அந்த ரெண்டையும் தாண்டி அங்கிட்டுப் போய் நிக்குது. ஒரே வம்சத்துல ஒண்ணுக்கு இவ்ளோ வசதி, ஒண்ணுக்கு இவ்ளோ நெருக்கடின்னா எடத்துல என்னதான் வித்தியாசம்னு நேர்ல பாத்துருவோம்னுதான் ரெண்டு டிரிப்பும். (இங்கிலீஷ்ல விசிலிங் த்ரஷ்னு பேரு, ஆனா பேர்லதான் த்ரஷ், இப்ப ஆராய்ச்சிக்காரங்க ரெண்டையும் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாத்திட்டாங்க. அதுங்களுக்கு அதப் பத்திக் கவல இல்ல.)

தாண்டிக்குடில இருந்து ஆரம்பிக்கிறேன். மதுரைல இருந்து வத்தலகுண்டு, பட்டிவீரன்பட்டி வழியா ஏறணும். கொடைக்கானல் ரோட்டு டிராஃபிக் இல்ல, சுத்திப் பாக்குற பாயிண்ட்டுங்குற பேர்ல சோளமும் சாக்லேட்டும் விக்கிற கூட்டம் இல்ல. கீழ் பழனி மலை முழுக்க காபி, மிளகு, மலைவாழ, நடுநடுவுல பலா, சில்வர் ஓக். காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே அங்க இருக்குன்னா பாத்துக்கோங்க. நாங்க தங்குனது ஒரு எஸ்டேட்டுக்குள்ள பழைய ஓட்டு வீடு, ரெண்டு ரூம், பாத்ரூம் சுத்தம், வெந்நீர் விறகு அடுப்புல போட்டு வாளில வரும், அத கொறைன்னு நெனைக்கிறவங்க வேற எடம் பாருங்க. சாப்பாடு எஸ்டேட் வீட்டுச் சாப்பாடு. காலைல இட்லியும் ஒரு தக்காளிச் சட்னியும், அந்த சட்னிக்காகவே இன்னொரு தடவ போலாம். நாட்டுக்கோழி சொன்னா முந்துன நாளே சொல்லணும். காபி மட்டும் ஏமாத்தம், சுத்தி காபித் தோட்டம் இருக்கு ஆனா டம்ளர்ல வர்றது சிக்கரி தூக்கலா ஒரு தண்ணி, இது ஏன்னு கேட்டேன், நல்ல கொட்ட எல்லாம் வித்துருவோம்னாங்க.

கைடு அங்கயே வளந்த பையன், இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும். படிச்சுட்டு வந்த பறவை அறிவு இல்ல, ஓடை ஓடையா லாந்தி வந்த அறிவு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நான் பரபரன்னு "தம்பி காலைல எத்தன மணிக்கு எழுப்புவீங்க"ன்னு கேட்டேன். "நான் எதுக்குண்ணே எழுப்பணும், அதுவே எழுப்பும்"னு சொல்லிட்டு போயிட்டான். அதுவேதான் எழுப்புச்சு. இன்னும் இருட்டு விடியல, வீட்டுக்குப் பின்னாடி ஓடைப் பக்கம் இருந்து ஒரு விசில், ஒரு மனுசன் நடந்துகிட்டே எந்தப் பாட்டுன்னு முடிவு பண்ணாம அடிச்சுகிட்டுப் போற மாதிரி, மேல ஏறுது, பாதில விட்டுருது, வேற எங்கயோ இருந்து தொடங்குது, ஒரு ராகத்துலயும் நிக்கல. மச்சான் எந்திரிச்சு "எவன்டா இது இந்நேரத்துல"ன்னான். வெள்ளக்காரன் இதுக்கு விசிலடிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன்னு பட்டப்பேர் வச்சதுல தப்பே இல்ல. இந்தப் பாட்டு மழக்காலத்துலதான் உச்சம், ஜூன்ல இருந்து செப்டம்பர் வாக்குல போனா காது நெறைய கெடைக்கும், வெயில் காலத்துல போனா பறவை இருக்கும் ஆனா வாய் தொறக்குறது கம்மி.

வெளிச்சம் வந்தப்புறம் ஓடைக்கு எறங்குனோம். கைடு பையன் ஒரு பாறைய காமிச்சு அங்க உக்காருங்கண்ணேன்னான், உக்காந்தோம், வேற ஒண்ணுமே பண்ணல. அது தானா வந்துச்சு. மொதல்ல பாக்க வெறும் கறுப்பு, ஏதோ பெரிய மைனா சைஸ், 25 சென்டிமீட்டர் இருக்கும். வெளிச்சம் கொஞ்சம் சாய்ஞ்சு விழுந்ததும் நெத்தியிலயும் தோள்லயும் அந்த நீலம் எரியுது பாருங்க, மச்சான் கையில இருந்த டம்ளர கீழ வச்சான். ஆணும் பொண்ணும் ஒரே மாதிரி இருக்கும், பாத்து பிரிக்க முடியாது. பாறைக்கு பாறை தாவும், வால விசிறி மாதிரி விரிச்சு மூடும், ஈரத்துல பூச்சி, நத்த, சின்ன நண்டு, தவளைன்னு எதுவும் விடாது, பழமும் திங்கும். அருவிக்குப் பின்னாடி, பாறை இடுக்குல பாசியும் வேரும் வச்சு கூடு கட்டும், சில சமயம் மனுசன் கட்டுன கட்டிடத்துக்கும் வந்துரும். எஸ்டேட் பம்ப் ஷெட்டுக்குள்ள ஒரு பழைய கூட்ட பையன் காமிச்சான், குஞ்சு இருக்கிற நேரத்துல வந்தா இந்தப் பக்கம் கூட்டிட்டு வர மாட்டேன்னு அவனாவே சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் முழு மார்க் போட்டுட்டேன்.

ஏன்னா இதுக்கு முன்னாடி மதுரைல இருந்து ஒரு வேன் டிரிப்ல போன அனுபவம் இருக்கு, யாருன்னு சொல்லல. வேன் நெறைய ஆளு, எல்லாரு கைலயும் பீரங்கி மாதிரி லென்ஸ், ஆர்கனைசர் ப்ளூடூத் ஸ்பீக்கர ஒரு பாறை மேல வச்சு இதே பறவையோட பாட்ட திரும்பத் திரும்ப ஓட்டுறாரு. அதுக்கு என்ன தோணும், நம்ம எடத்துக்குள்ள வேற ஒரு ஆண் பூந்துட்டான்னு நெனச்சு, கூட்ட விட்டுட்டு, தீனிய விட்டுட்டு, ஸ்பீக்கரச் சுத்தி சுத்தி வந்து கத்துது. அதுவும் கூடு கட்டுற மாசத்துல. போட்டோ எல்லாருக்கும் கெடச்சுது, சூப்பர் டிரிப்னு எல்லாரும் ஸ்டார் போட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சல். கொறைவான ஆபத்து உள்ள பறவைதானே, கொஞ்சம் தொந்தரவு பண்ணா என்னன்னு அவரு வேற வேன்ல விளக்கம் குடுத்தாரு. லீஸ்ட் கன்சர்ன்னு போட்டிருந்தா என்ன வேணா பண்ணலாம்னு லைசென்ஸ் குடுத்த மாதிரி பேசுனா எப்படிங்க.

சரி நம்மாளுக்கு அந்த வசதியான லிஸ்ட் எப்படி கெடச்சுது. எடம். மேற்குத் தொடர்ச்சி மலையே வடக்க இருந்து தெக்கு வரைக்கும் சுமார் 1,600 கிலோமீட்டர். இது குஜராத் எல்லைல டாங்ஸ் காடு தொடங்கி இங்கிட்டு நம்ம மேகமலை, பழனி மலை, அதுக்குக் கீழ தெக்கு வரைக்கும் ஓடை இருக்கிற எடமெல்லாம் இருக்கு, நடு இந்தியால சாத்பூரா பக்கம், கிழக்கு மலைகள்ல சில எடம்னு கிளை வேற. ஒரு பள்ளத்தாக்குல காடு போச்சுன்னா இன்னொரு பள்ளத்தாக்குல இருக்கும். அடிவாரத்துலயும் வாழும், உச்சிலயும் வாழும், நிழல் மரம் விட்டு வச்ச காபித் தோட்டத்துலயும் சமாளிச்சுக்கும். தாண்டிக்குடி பக்கம் அது நிக்கிறதுக்கு காரணம் அந்தத் தோட்டத்து நிழலும் அத ஒட்டுன ஓடையும்தான்னு நான் நெனைக்கிறேன். மேல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013ல அறிவிச்சாங்க, அங்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021ல வந்துச்சு, ஆக நம்ம மதுரையச் சுத்தி மேற்க எந்தப் பக்கம் போனாலும் இதுக்கு ஒரு காவல் எடம் இருக்கு. அதுக்காக ஓடைய பைப்பு போட்டு ரிசார்ட்டுக்கு இழுக்கலாம்னு அர்த்தம் இல்ல, ஓடை காஞ்சா அந்த எடத்துல இந்தப் பறவைக்கு வேலை இல்ல, அவ்ளோதான்.

தாண்டிக்குடி கணக்கு: தங்கல், சாப்பாடு, கைடு எல்லாம் சேத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்குள்ள. நியாயம். ஜீப்பு தனி. மழைக்காலத்துல அட்டை ஏறும், உப்போ மூக்குப்பொடியோ வச்சுக்கோங்க.

இப்ப கடலத் தாண்டுவோம்.

மதுரைல இருந்து கொழும்புக்கு நேரடி ஃபிளைட் இருக்குங்குறத நம்ம ஊர்ல பாதிப்பேரு மறந்துட்டாங்க. ஏறி பெல்ட் போட்டு ஜூஸ் குடிக்கிறதுக்குள்ள எறங்கச் சொல்லிருவாங்க, ஒரு மணி நேரம் கூட இல்ல. மதுரை பஸ் ஸ்டாண்டுல இருந்து கொடைக்கானல் போறத விட சீக்கிரம். ஆனா கொழும்புல இருந்து நுவரெலியா போறதுதான் பயணம், ரயில்ல நானுஓயா வரைக்கும் அரை நாளைக்கு மேல இழுக்கும், கடைசி பாதி தேயிலை மலைக்குள்ள ஊர்ந்து போகும், மச்சான் ஜன்னல விட்டு நகரல. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க ஊர்ல மூணு ரூபாய்க்கு மேல வரும், அந்த சந்தோசத்துல கணக்கு பாக்காம செலவு பண்ணிராதீங்க, பார்க் டிக்கெட் எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு டாலர் கணக்குல வாங்குவாங்க, அப்ப சந்தோசம் எறங்கிரும்.

கைட ரெண்டு மாசம் முன்னாடியே பேசி வச்சேன். மலையகத் தமிழர். போன்ல பேசும்போதே "என்ன பறவை எல்லாம் வேணும் சொல்லுங்க, கெடைக்காதத கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்"ன்னாரு. நான் இது ஒண்ணுதான்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அது கஷ்டங்க ஐயா. ரெண்டு காலை குடுங்க, ஒரு காலை போதாது"ன்னாரு. இந்த நேர்மைக்கே அட்வான்ஸ் அனுப்பலாம், அனுப்புனேன்.

அந்த அட்வைஸ எல்லாரும் கேட்டுக்கோங்க, ரெண்டு காலை ஒதுக்குங்க. மொத நாள் போனோம், பனி மூடி கை நீட்டுனா கை தெரியல, சத்தம் மட்டும் ஒரு தடவ கேட்டுச்சு. நம்மாளு மாதிரி பாட்டெல்லாம் இல்ல, "ஸ்ரீ... ஸ்ரீ"ன்னு மெல்லிசா உசரமா கீறுற மாதிரி ஒரு சத்தம், தண்ணி சத்தத்துக்கு மேல அது மட்டும் தனியா வரும். அவரு கைய தூக்கி காமிச்சாரு, அப்படியே நின்னோம், வெளிய வரல. போன்ல சத்தம் போட்டு கூப்பிடலாமேன்னு மச்சான் மெதுவா கேட்டான். கைடு அவனப் பாத்து, கோவமெல்லாம் இல்ல, ரொம்ப சாந்தமா, "இருக்கிறதே கொஞ்சங்க, அதுக்கும் இல்லாத எதிரிய நாம காமிச்சா எப்படி"ன்னாரு. மச்சான் போன பாக்கெட்டுக்குள்ள வச்சவன் அன்னைக்கு முழுக்க வெளிய எடுக்கல.

எடம் ஹார்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. நுவரெலியால இருந்து காலைல நாலரை வாக்குல ஜீப் கெளம்பணும், பட்டிப்பொல பக்கம் கேட் ஆறு மணிக்குத் தொறக்கும், எல்லா டூரிஸ்ட் வேனும் உலக முடிவுங்குற பள்ளத்தப் பாக்க அடிச்சுப் பிடிச்சு ஓடும். நாம ஓடக் கூடாது. கேட்டத் தாண்டி போற ரோட்டோரமா அரெங்கா குளம்னு ஒரு சின்ன குளம் இருக்கு, அரெங்காங்குறது இந்தப் பறவையோட பழைய பேரினப் பேரு, அங்கதான் நிக்கணும். ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல உசரம், ஜனவரி பிப்ரவரில புல்லு மேல உறைபனி கெடக்கும். கொடைக்கானல் குளுர பாத்தவன்னு நெனச்சுகிட்டு ஒரு ஸ்வெட்டரோட போயிராதீங்க, குல்லா, கையுறை எல்லாம் வேணும். கேட்ல பிளாஸ்டிக் பைய எல்லாம் செக் பண்ணி வாங்கி வச்சுக்குவாங்க, நல்ல விசயம், நம்ம அழகர்கோவில் மலைக்கு யாராச்சும் இத கொண்டு வந்தா கோடி புண்ணியம்.

ரெண்டாவது காலை கெடச்சுது. குளத்துக்கு அந்தக் கரைல, பாசி புடிச்ச கிளைக்குக் கீழ, நெழலுக்குள்ள நெழலா ஒண்ணு நகந்துச்சு. நம்மாள விட நல்லாவே சிறுசு, 20 சென்டிமீட்டர். பொண்ணு. அங்க ஆணும் பொண்ணும் வேற வேற: ஆணு கறுத்து, தலை நெஞ்சுப் பக்கம் நீலம் ஓடும், பொண்ணு காபித்தூள் நெறம், தோள்ல மட்டும் ஒரு நீலப் பட்டை. அந்தப் பட்டை ஒரு தடவ மின்னுச்சு, ஈர மண்ணுல எதையோ கொத்துச்சு, உள்ள போயிருச்சு. பைனாகுலர ஃபோகஸ் பண்றதுக்குள்ள முடிஞ்சுருச்சுன்னு மச்சான் பொலம்புறான், நான் முழுசாப் பாத்துட்டேன். ஆணு கெடைக்கல. இதுக்கு இவ்ளோ செலவான்னு கேக்குறவங்களுக்கு, ஆமா இதுக்குத்தான்.

அதுக்கப்புறம் அவரு ஃபிளாஸ்க்ல இருந்து இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு சொன்ன விசயங்களுக்காகத்தான் நான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன். அந்தப் பறவைக்கு ஒரு வெள்ளக்கார தொரை பேருதான் வச்சிருக்கு, சாமுவேல் ப்ளை, காபித் தோட்டம் வச்சிருந்தவரு. ஹோல்ட்ஸ்வொர்த்ங்குறவரு 1872ல அந்தப் பேர வச்சாரு. அந்த நேரத்துல இலங்கை மலை முழுக்க காபிக்காக காட்ட வெட்டிட்டு இருந்த காலம். 1869ல காபி எலைல துரு நோய் வந்து அடுத்த பத்து இருவது வருசத்துல காபியே அழிஞ்சு, அந்த எடத்த தேயிலை புடிச்சுகிச்சு. வெட்டுன கை யாரோடதுன்னா நம்ம ஊர்க்காரங்களோடது. பஞ்சத்துக்கு பயந்து, தோட்டத்துக்கு ஆள் சேத்த கங்காணி பின்னாடி போனவங்க, மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழில நடந்தே போனவங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேரு. "எங்க பாட்டன் பூட்டன் ராம்நாட்டுப் பக்கம்னு சொல்லுவாங்க, ஊர் பேரு தெரியாது"ன்னு கைடு சொன்னாரு. மானாமதுரையா பரமக்குடியான்னு மச்சான் ஆர்வமா கேக்குறான், அவரு சிரிச்சுட்டு தெரியலங்கன்னாரு. காடு வெட்டக் கொண்டு வந்தவங்களோட பேரன் இப்ப அந்தக் காட்டுல மிச்சம் இருக்கிற பறவைய காட்டி பொழைக்கிறாரு.

அப்புறம் மிச்சம் ஏன் இருக்குங்குறது. 1873ல ஜோசப் ஹூக்கர்னு ஒரு பெரிய தாவர விஞ்ஞானி, ஐயாயிரம் அடிக்கு மேல இருக்கிற மலைக்காட்ட தொடாதீங்கன்னு ஆலோசனை சொல்லிருக்காரு, அத ஏத்துகிட்டு வெட்டக் கூடாதுன்னு உத்தரவும் போட்டாங்க. ஏறக்கொறைய 1,500 மீட்டர் கோடு அது. மகாவலி, களனி, வளவை மூணு ஆத்துக்கும் தண்ணி அந்த உச்சிலதான் பொறக்குது. பறவைக்காக போட்ட உத்தரவான்னா இல்லவே இல்ல, ஆனா பறவை பொழச்சது அந்தக் கோட்டுக்கு மேலதான். ஹார்ட்டன் சமவெளி 1969ல சரணாலயம் ஆச்சு, 1988ல தேசியப் பூங்கா, 2010ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடத்துல சேந்துச்சு. இவ்ளோ காவல் இருந்தும் ஏன் எண்டேஞ்சர்டுன்னா, மறுபடியும் எடம்தாங்க. நம்மாளுக்கு 1,600 கிலோமீட்டர் மலை, அதுக்கு ஒரு சின்னத் தீவோட நடு மேடு. அதுலயும் 900 மீட்டருக்குக் கீழ எறங்காது, அதுலயும் அடர்ந்த ஈரக்காடு வேணும், அதுலயும் நெழலுக்குள்ள ஓடுற ஓடை வேணும். இந்தக் கணக்கெல்லாம் கழிச்சா மிஞ்சுறது துண்டு துண்டா நிக்கிற காடுதான், ஒரு துண்டுல இருந்து இன்னொரு துண்டுக்கு நடுவுல தேயிலையும் காய்கறித் தோட்டமும். முட்டையும் நம்மாளு ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் போடும், அது ஒண்ணு இல்லன்னா ரெண்டு. ஹார்ட்டன் சமவெளிலயே மரம் நின்ன எடத்துலயே காயுற ஒரு நோவு பல வருசமா இருக்கு, உச்சில மொட்டையா வெளுத்துப் போன மரங்கள அவரு கை காமிச்சாரு, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு.

சிவப்புப் பட்டியல்ல எண்டேஞ்சர்டு ஆக்குறதுக்கு பல அளவுகோல் வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு பரவியிருக்கிற பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குள்ள சுருங்கி, துண்டாகி, இன்னும் தேஞ்சுகிட்டு வர்றது, இன்னொண்ணு முதிர்ந்த பறவை 2,500க்குக் கீழ போய் கொறஞ்சுகிட்டே வர்றது. இத எல்லாம் கூகிள் பண்ணா வரும், ஆனா அந்தக் குளத்தோரம் பனில நின்னு கேக்கும்போது 5,000ங்குற நம்பர் எவ்ளோ சின்னதுன்னு தெரியுது.

எனக்கு இன்னொரு விசயம் மண்டைல ஓடுச்சு, திரும்பி வர்ற ஃபிளைட்ல ஜன்னல்ல பாத்துகிட்டே வந்தேன். ஒரு காலத்துல கடல் மட்டம் தாழ்ந்து இலங்கையும் நம்ம கரையும் ஒட்டியேதான் இருந்துச்சு. தரை இருந்தா மட்டும் போதுமா, நடுவுல இருக்கிறது ராமநாதபுரம் மன்னார் மாதிரி காஞ்ச சமவெளி, ஓடைய விட்டு அசையாத ஒரு பறவை அத எப்படித் தாண்டும். அங்கிட்டு மாட்டுனது தனியா வேற பறவையா ஆயிருச்சு, ஆன பின்னாடி போறதுக்கு வேற மலையும் இல்ல. பூமி சூடாக சூடாக மலைப் பறவைங்க மேல மேல ஏறும்னு சொல்றாங்க, அதுக்கு மேல ஏறுறதுக்கு இலங்கையோட ஒசந்த மலையான பிதுருதாலகால உச்சியே 2,524 மீட்டர்தான்.

சாயங்காலம் போனசா நுவரெலியா ஊருக்குள்ளயே இருக்கிற விக்டோரியா பார்க்குக்கு கூட்டிட்டு போனாரு. இமயமலைல கூடு கட்டிட்டு குளிர்காலத்துக்கு இலங்கை வரைக்கும் வர்ற கறுப்பு வெள்ளை பூங்குருவி, பைடு த்ரஷ், அங்க சாக்கடை ஓரம் எலைய கிளறிட்டு இருந்துச்சு. ஆமா சாக்கடைதான், நாத்தமும்தான், பார்க் நிர்வாகம் கொஞ்சம் பாக்கலாம். அதோட நம்ம ஆறுமணிக்குருவியும் கெடச்சுது, அத நம்ம ஊர்லயே வலசை சீசன்ல பாத்துக்கலாம், அதுக்காக யாரும் ஏறிப் போக வேணாம்.

ஒப்பிட்டுக் கேட்டா, பறவை பாக்குற சுகத்துக்கு தாண்டிக்குடி ஜெயிக்குது, சந்தேகமே இல்ல. பாட்டு, நெருக்கம், நேரம் எல்லாம் அங்க அதிகம், கொழந்தைக்கு பைனாகுலர் இல்லாமலே காட்டலாம். விசயம் தெரிஞ்சுக்க நுவரெலியா. தாண்டிக்குடி பையனுக்கு ஒரே ஒரு கொறை, பேர் எல்லாம் அவனுக்கு தெரிஞ்ச உள்ளூர் பேருதான், லிஸ்ட் போடுறவங்க நீங்களாத்தான் என்ன பறவைன்னு பாத்து எழுதிக்கணும், எனக்கு அது பிரச்சின இல்ல, சிலருக்கு இருக்கும். நுவரெலியாக்காரருக்கு கொறை, நடை வேகம், அறுபது தாண்டுனவங்க மொதல்லயே சொல்லிருங்க, அப்புறம் மதியச் சாப்பாடு ஒரு ரொட்டியும் சம்பலும்தான் ஜீப்ல, முந்துன நாளே நீங்க எதாச்சும் கட்டி எடுத்துக்கிறது நல்லது. கைடு, ஜீப், ரெண்டு காலைக்கும் சேத்து நம்ம ரூபாயில பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆச்சு, டிக்கெட் தனி. நாங்க ரெண்டு பேர் பிரிச்சுகிட்டோம், நாலு பேரா போனா தாங்கும், அஞ்சாவது ஆளு வேணாம், அவரும் நாலுக்கு மேல கூட்டிட்டு போறதில்ல.

சீசன்: தாண்டிக்குடிக்கு ஜூன் கடைசில இருந்து, அங்கிட்டு ஜனவரில இருந்து ஏப்ரலுக்குள்ள. விசாவுக்கு ஆன்லைன்ல ஈடிஏங்குற பயண அனுமதிக்கு போட்டுட்டு போங்க. போட்டோக்காரங்க அரெங்கா குளத்துக்கு ஃபிளாஷ் கொண்டு போகாதீங்க, கொண்டு போனாலும் அவரு போட விட மாட்டாரு, வண்டிலயே வச்சுட்டு வாங்கன்னு சொல்லிருவாரு.